புதுப்பிப்பு: டிஸ்லெக்சியா உள்ள மகன், ஜூனில் மூன்றாம் வகுப்பு

மகனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு) என்று சொல்லிவிட்டார்கள், பள்ளி திறப்பதற்குள் என்ன செய்யலாம் என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் எழுத வைக்கச் சொன்னது பலித்தது. ண, ன குழப்பம் பாதி குறைந்துவிட்டது. (உப்புமாவுக்கு ரவை மிஞ்சவில்லை, அது வேறு கதை.) பெரிய சிக்கல் கொம்புதான். 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் காவல். அவன் இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் படிக்கிறான், நம் எழுத்துதான் அப்படி இல்லை! இப்போது கொம்பையும் சேர்த்து ஒரே எழுத்தாக அட்டையில் காட்டுகிறேன். நாளைக்கு ஐந்து அட்டை, பத்து நிமிடம், அவ்வளவுதான்.

அப்புறம் பள்ளி. முதலில் "சோம்பேறித்தனம்" என்றார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் கற்றல் குறைபாடும் இருக்கிறது என்று மதிப்பீட்டு அறிக்கையோடு போய்ச் சொன்னேன். முன்வரிசை இடம், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட தாள், எல்லோர் முன்னும் வாசிக்கக் கூப்பிடாமல் இருப்பது, மூன்றுக்கும் டீச்சர் சரி என்றுவிட்டார். வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் பதில் இல்லை. திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.