66 வயது அப்பாவோடு ஃபூஜி ஏறி ஸ்கீயில் இறங்கலாமா?

செங்காங் மகள்
அப்பா வேலைக்காகச் சப்போரோவில் இருந்த காலத்திலேயே ஸ்கீ கற்றுக்கொண்டவர். இப்பவும் நிசேக்கோ போனால் என்னைவிட அழகாக வளைந்து இறங்குவார். கினபாலு (4,095 மீட்டர்) உச்சிக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து போயிருக்கிறோம். இப்போது புது ஆசை: மே மாதம் ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு ஃபூஜி (3,776 மீட்டர்) ஏறி, அப்படியே ஸ்கீயில் இறங்கணுமாம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், வேறு தொந்தரவு இல்லை. "நீதான் அவரை ஏத்திவிடுற" என்று அம்மா என்னோடு சண்டை. கினபாலு முடித்தவருக்கு இது முடியாதா என்ன?

பனிப்பித்தன்
கினபாலு கணக்கு இங்கே செல்லாது. அங்கே வழிகாட்டி கட்டாயம், பிடித்து ஏறக் கயிறு இருக்கிறது, பனலாபானில் (3,272 மீட்டர்) படுத்து எழுந்துதான் உச்சிக்குப் போகிறோம். ஃபூஜி சீசன் ஜூலையில் தொடங்கி செப்டம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். மே மாதம் பாதை மூடியிருக்கும், மலைக் குடில்களும் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும்.

பகலில் இளகும் பனி இரவில் இறுகி, காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும். மேல்சரிவில் மரமே கிடையாது, கால் வழுக்கினால் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. உங்க அப்பா ஏறிவிடுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பல மணி நேரம் ஏறிச் சோர்ந்த காலோடு அந்தச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கணும், பாருங்க, நிசேக்கோவில் லிஃப்டில் உட்கார்ந்து மேலே போய் இறங்குகிற அதே கால் அப்போது இருக்காது.

ஃபூஜிக்குப் பதில் ஜப்பானிலேயே இருக்கிற ததேயாமா மலைக்குப் போங்க. ஏப்ரல் நடுவில் மலைவழி திறந்ததும் பேருந்திலேயே முரோதோ (2,450 மீட்டர்) வரை போகலாம், தங்க இடமும் உண்டு. மே மாதத்திலும் ஸ்கீ அடியில் ஸ்கின் (பின்னுக்கு வழுக்காமல் பிடிக்கும் பட்டை) ஒட்டிக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். அங்கே இருக்கிற ஓயாமா உச்சி 3,003 மீட்டர். அப்பா களைத்துவிட்டால் பாதியிலேயே திரும்பி முரோதோவுக்கு வந்துவிடலாம்; இதுக்காகவே அந்த மலையைச் சொல்கிறேன். ஆனால் பனிச்சரிவு அபாயம் அங்கேயும் உண்டு, உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் வேண்டாம். பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கச் சமிக்ஞை அனுப்பும் கருவி), மண்வெட்டி, புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி) மூன்றும் ஆளுக்கு ஒன்று. அப்பா புதைந்தால் தோண்டப் போவது நீங்கள், அதனால் முதலில் பயிற்சி எடுக்க வேண்டியதும் நீங்கள்தான்.

தாதி அக்கா
மாத்திரை பெயரைப் பாருங்கம்மா. பீட்டா பிளாக்கர் வகை என்றால் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது, கைக்கடிகாரத்தைப் பார்த்து "அப்பா நல்லாத்தான் இருக்கார்" என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை என்றால், குளிர்ந்த உலர்காற்றில் உடம்பில் நீர் சீக்கிரம் குறையும். பலதுறை மருந்தகத்தில் உயரம், ஸ்கீ எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லுங்க, இதயப் பரிசோதனை தேவையா என்று அவர்கள் சொல்வார்கள். மலைநோய் இளசுகளுக்கும் வரும், வயசை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். மலைநோய் வராமல் தடுக்கிற தயாமாக்ஸ் மாத்திரை தேவையா என்றும் கேளுங்க, சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லணும். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே கீழே இறக்கிவிடுங்க, கொஞ்சம் படுத்தால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள்.

யீஷூன் தாத்தா
எல்லாரும் சேர்ந்து மனுஷனைப் பயமுறுத்தாதீங்க. ஜப்பான் ஸ்கீ வீரர் கெய்ஸோ மியூரா 99 வயசில், 2003இல், ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்கில் ஸ்கீ செய்தவர். அவர் மகன் யூயிச்சிரோ 2013இல் 80 வயசில் எவரெஸ்ட் ஏறினார், கூட வந்தது அவருடைய மகன். எனக்கு 70, தினமும் புளோக்கில் படி ஏறுகிறேன்.

பனிப்பித்தன்
தாத்தா, அவங்க வாழ்நாள் முழுக்க பனியிலேயே கிடந்தவங்க! அந்த 80 வயசுப் பயணத்திலும் உச்சியிலிருந்து இறங்கும்போது அடிவாரம் வரை நடந்து வரவில்லை, கீழ் முகாம் ஒன்றிலிருந்து ஹெலிகாப்டரில்தான் வந்தார். படி விஷயம் மட்டும் சரி. லிஃப்டில் இறங்காமல் படியிலேயே இறங்கச் சொல்லுங்க, ஸ்கீ இறக்கத்துக்குத் தொடை அப்படித்தான் பழகும். மூட்டு வலித்தால் நிறுத்திவிடணும்.

செங்காங் மகள்
அப்பாவிடம் ததேயாமா படத்தைக் காட்டினேன். "ஃபூஜிதான் ஃபூஜி" என்று முனகினார், அப்புறம் பேருந்து நேரம் என்னவென்று அவரே தேடிக்கொண்டிருக்கிறார். பயணக் காப்புறுதி எப்படி?

பனிப்பித்தன்
விதிவிலக்குப் பக்கத்தை முதலில் படிங்க. ஸ்கீ அடங்கும் என்று பெரிசாகப் போட்டிருக்கும், ஸ்கீ களத்துக்கு வெளியே போனாலோ கயிறு கட்டி ஏறினாலோ கிடையாது என்று கீழே சின்னதாக இருக்கும். மீட்புச் செலவு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்க.