ஷாட் ஷோவில் கையில் எடுத்துப் பார்த்த புதிய கைத்துப்பாக்கிகள்

டெக்சாஸில் துப்பாக்கிக் கடை நடத்துபவர்:

லாஸ் வேகாஸ் ஷாட் ஷோவுக்குப் போய்வந்தவர்கள் கைத்துப்பாக்கி அரங்குகளைப் பற்றி எழுதுங்கள் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நான் 2020 ஜனவரியைத் தேர்ந்தெடுக்கிறேன். மறு ஆண்டு கொரோனாவால் கண்காட்சியே நடக்கவில்லை. அதனாலோ என்னவோ, அந்த 2020 மனத்தில் அப்படியே நிற்கிறது. கைத்துப்பாக்கிகளைப் பொறுத்தவரை அது செழிப்பான ஆண்டும்கூட.

போகாதவர்களுக்காகச் சில வரிகள். என்எஸ்எஸ்எஃப் என்ற அமெரிக்கத் துப்பாக்கித் தொழில் அமைப்பு நடத்தும் வணிகக் கண்காட்சி இது. 1979இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கியது. பொதுமக்கள் டிக்கெட் வாங்கி நுழைய முடியாது. கடைக்காரர், மொத்த வியாபாரி, காவல் துறையினர், பத்திரிகையாளர் என்று தொழில் தொடர்பைக் காட்டினால்தான் நுழைவு அட்டை கிடைக்கும். அங்கே பிடித்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வரவும் முடியாது. ஆர்டர் கொடுக்கலாம், அவ்வளவுதான். காட்சிக்கு வைத்திருக்கும் துப்பாக்கிகளில், தோட்டாவின் அடியில் குத்தும் ஃபயரிங் பின்னைக் கழற்றியோ செயலிழக்கச் செய்தோ வைத்திருப்பார்கள். சுட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கண்காட்சிக்கு முந்தைய நாள் போல்டர் சிட்டி பாலைவனத்தில் இருக்கும் சுடுதளத்தில் ஏற்பாடு உண்டு. அதற்கு அழைப்பு இருக்க வேண்டும்.

சுட முடியாத துப்பாக்கியைத் தடவிப் பார்த்து என்ன தெரியப்போகிறது என்று என் மைத்துனர் கேட்பார். எனக்கு நிறையவே தெரிகிறது. என் கடைக்கு வருகிறவர்களில் பலர் சுட்டுப் பார்த்து வாங்குவதில்லை. கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கையில் எடுப்பார், பிஸ்டலின் மேலே முன்பின்னாக நகரும் ஸ்லைடை இழுப்பார், அனுமதி கேட்டு விசையை அழுத்துவார், அதோடு முடிவெடுத்துவிடுவார். கண்காட்சியில் நான் செய்வதும் அதைத்தான், ஆனால் அவருடைய கையை நினைத்துக்கொண்டு செய்கிறேன்.

அந்த ஆண்டு கூட்டம் மொய்த்த இடம் கோல்ட் நிறுவனத்தின் அரங்கு. பைத்தான் ரிவால்வர் திரும்பி வந்திருந்தது. 1955இல் அறிமுகமாகி, 2005 வாக்கில் தயாரிப்பு முழுதாக நின்றுபோய், பழைய துப்பாக்கிகள் ஏலத்தில் எட்டாத விலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. புதியது துருப்பிடிக்காத எஃகில், நாலேகால் அங்குலக் குழலிலும் ஆறு அங்குலக் குழலிலும் வந்தது. நிறுவனம் அறிவித்த விலை 1,499 டாலர். பழைய பைத்தானின் ஆழ்ந்த நீல மெருகு இதில் இல்லை. அந்த நீலத்துக்காகவே அதை நேசித்தவர்களில் நானும் ஒருவன். எஃகின் வெண்மையைப் பார்த்ததும் நெஞ்சு கொஞ்சம் சுருங்கியது உண்மை.

ஆனால் விசையை அழுத்தியதும் அது மறந்துபோயிற்று. பழையதில் விசை பின்னால் வரவர, கடைசிக் கட்டத்தில் கனம் கூடிக்கொண்டே போகும். புதியதில் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீராக வந்து விழுந்தது. உள்ளே பாகங்களைக் குறைத்து, குறிபார்க்க உதவும் பின்குறி உட்காரும் மேல்சட்டத்துக்கு உலோகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பணம் பார்க்கிற வேலை இல்லை இது. உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் நின்றவர் அதைக் கையில் வாங்கி, தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரை வெளியே தள்ளிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டை வெடுக்கென்று உதறி மூடினார். சுற்றி நின்ற எல்லோருக்கும் உடம்பு கூசியது. அரங்கில் இருந்த வயதானவர் எதுவும் சொல்லாமல் கை நீட்டித் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். சிலிண்டரைத் தாங்கி நிற்கும் சிறிய உலோகக் கையை விரலால் தொட்டுக் காட்டி, “ஐயா, இது வளைந்தால் ஆறு அறைகளும் குழலோடு நேர்சேராது. இப்படி மூட வேண்டும்” என்று சொல்லி, இரண்டு கைகளாலும் மெல்ல அழுத்தி மூடிக் காட்டினார். வந்தவர் நன்றி சொல்லி, அதேபோல் ஒருமுறை மூடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெரியவரின் பொறுமையை நான் மறக்கவே மாட்டேன்.

எனக்கு அந்தப் பயணத்தில் மிகவும் பயன்பட்டதோ, யாரும் முண்டியடிக்காத ஒரு மேசை. ஸ்மித் அண்டு வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி, 9 மில்லிமீட்டர். மூட்டுவலியால் ஸ்லைடை இழுக்க முடியாமல் பிஸ்டலே வேண்டாம் என்று போய்விடும் பெரியவர்கள் எனக்கு எத்தனையோ பேர். இதில் ஃபயரிங் பின்னை அடிக்கும் சிறு சுத்தியான ஹேமரை உள்ளே மறைத்து வைத்திருக்கிறார்கள்; அதனால் ஸ்லைடைத் திருப்பித் தள்ளும் சுருள்வில்லை இலேசாக்க முடிந்திருக்கிறது. தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினின் பக்கவாட்டில் ஒரு குமிழ்; அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டால் தோட்டாக்களைக் கட்டைவிரல் நோகாமல் உள்ளே வைக்கலாம். நான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கொண்டு ஸ்லைடை இழுத்துப் பார்த்தேன். வந்தது. அங்கேயே ஆர்டர் எழுதிவிட்டேன்.

அரிசோனாவில் பெண்களுக்குப் பயிற்சி தருபவர்:

அண்ணா, ஷீல்டு ஈஸியைப் பற்றி எழுதியதற்கு மிக்க நன்றி. என் மாணவிகளில் பாதிப்பேருக்கு முதல் தடை அந்த ஸ்லைடுதான். கையில் வலு இல்லை என்று அவர்களே தங்களைக் குறைசொல்லிக்கொள்வார்கள். குறை அவர்களிடம் இல்லை, சுருள்வில்லில் இருக்கிறது என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நானும் அந்த ஆண்டு போயிருந்தேன். ரூகர்-57 அரங்கில் நல்ல வரிசை. 5.7×28 என்ற மெலிந்து நீண்ட தோட்டாவுக்கு அதுவரை பிஸ்டல் வேண்டுமென்றால் பெரும்பாலும் எஃப்என் நிறுவனத்தின் ஃபைவ்-செவன்தான். விலை கையைக் கடிக்கும். ரூகர் 799 டாலருக்குக் கொண்டுவந்ததும் எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். நான் ஆவலோடுதான் எடுத்தேன். கனம் இல்லை, விசை சுத்தமாக இருந்தது. ஆனால் 9 மில்லிமீட்டர் தோட்டா முழுதாக 30 மில்லிமீட்டர்கூட இல்லை. இந்தத் தோட்டா 40க்கு மேல். மேகசின் பிடிக்குள் இருப்பதால் பிடியும் முன்பின்னாக அவ்வளவு நீளும். என் ஆள்காட்டி விரலின் நுனிதான் விசையைத் தொட்டது. சரியாகப் பிடிக்க வேண்டுமென்றால் கையைத் திருக வேண்டியிருந்தது, அப்போது உதைப்பு கட்டைவிரல் மூட்டில் இறங்கும். என்னைவிடச் சிறிய கைக்காரிகளுக்கு இதை நான் எப்படிப் பரிந்துரைப்பேன்? அரங்கில் இருந்த இளைஞர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இன்னோர் அரங்கில், பெயர் வேண்டாம், கேள்வி கேட்டவள் நான். பதிலோ என்னோடு வந்த ஆண் பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்தே வந்துகொண்டிருந்தது. அவர் மூன்றாம் முறை, “கேட்டது அம்மா, அவரிடம் சொல்லுங்கள்” என்றார். உடனே எனக்கு ஊதா நிறப் பிடி போட்ட ஒரு பிஸ்டலை நீட்டினார்கள். நான் கேட்டது விசைக்கும் பிடியின் பின்புறத்துக்கும் உள்ள தூரம். இந்தத் தொழிலில் பெண் வாடிக்கையாளர்கள் பெருகிக்கொண்டே வருகிறார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள், அரங்கில் நிற்பவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும். இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது.

மகிழ்ச்சியான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018 கண்காட்சியில் சிக் சாவர் பி365. அதற்கு முன் அந்த அளவு சிறிய 9 மில்லிமீட்டர் என்றால் மேகசினில் ஆறோ ஏழோ தோட்டா என்று பழகியிருந்தோம். கிளாக் 43இல் ஆறு. இதில் பத்து. அடிப்பகுதியில் இரண்டு வரிசையாக அகன்று, மேலே ஒற்றை வரிசையாகக் குறுகும் மேகசினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிடியோ என் உள்ளங்கைக்குள் முழுதாக அடங்கியது. பிறகு வந்த ஆண்டுகளில் மற்ற நிறுவனங்கள் எல்லாம் அந்த வழியில்தான் ஓடின.

மறுபடி 2020க்கு வந்தால், கிளாக் 44ஐப் பலர் கேலி செய்தார்கள், இவ்வளவு எதிர்பார்க்க வைத்துவிட்டு சின்னஞ்சிறு .22 தோட்டாவா என்று. எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. கிளாக் 19இன் அதே உருவம், அதே பிடி, மலிவான தோட்டா. முதல்முறை துப்பாக்கியைத் தொடுகிறவள் சத்தத்துக்கும் உதைப்புக்கும் நடுங்காமல் பழக இதைவிட என்ன வேண்டும்?

துப்பாக்கி பழுதுபார்ப்பவர், ஒஹாயோ:

அண்ணன் சொன்ன விசை விஷயத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். பைத்தான் போன்ற ஹேமர் வகையில் ஃபயரிங் பின்னை எடுத்துவிட்டாலும் விசையின் குணம் மாறாது. அங்கே உணர்வது நிஜம். ஸ்ட்ரைக்கர் வகையில் தனி ஹேமர் கிடையாது, ஃபயரிங் பின்னே ஸ்ட்ரைக்கர். அதை முழுதாகக் கழற்றினால் விசை செத்துக் கிடக்கும். அதனால் முனையை வெட்டிய ஸ்ட்ரைக்கரைப் போட்டு வைப்பதுண்டு. தவிர, காட்சிக்கு வருவது சில சமயம் முன்மாதிரி, கைவேலையில் இழைத்தது. “பெட்டியில் வரப்போவது இதே விசைதானா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நல்ல பிரதிநிதி மழுப்ப மாட்டார்.

கை சொல்வதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு 2017இல் பார்த்த ஹட்சன் எச்9 என்றைக்கும் எனக்கு உதாரணம். குழல் கைக்கு மிகத் தாழ்வாக உட்காரும்படி சுருள்வில் அமைப்பை விசைக்கு முன்னால் கீழே இறக்கியிருந்தார்கள். முழு எஃகு. அந்தக் கண்காட்சியில் என்னை அசையவிடாமல் நிறுத்திய துப்பாக்கி அதுதான். 2019இல் நிறுவனம் திவாலாகிவிட்டது. வாங்கியவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தார்கள். பிறகு டேனியல் டிஃபென்ஸ் அந்த வடிவமைப்பை வாங்கித் திருத்தி வெளியிட்டது, அது வேறு கதை.

ஆகவே புதிய நிறுவனத்தின் மேசையில் நான் துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு கேட்பவை வேறு: உபரி மேகசின் எப்போது கடைக்கு வரும், சுருள்வில்லும், சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரும் தனியாக விற்பீர்களா, பழுதானால் யார் பார்ப்பார்கள், உறை செய்பவர்களிடம் அளவு கொடுத்துவிட்டீர்களா. இந்த நான்குக்கும் பதில் வைத்திருப்பவரிடம்தான் என் ஆர்டர்.