கே2-18பி: மூன்று சிக்மாவை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நெய்தல்வாசி:
பக்கத்துத் திரியில் ஒருவர் "கே2-18பி எல்லாம் வெறும் விளம்பரம், கதை முடிந்தது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவு சீக்கிரம் முடிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்காக: சிம்ம விண்மீன் கூட்டத்தில், 124 ஒளியாண்டு தொலைவில், ஒரு சிவப்புக் குள்ள விண்மீனை 33 நாளுக்கு ஒரு முறை சுற்றி வருகிற கோள் இது. ஆரம் பூமியைப் போல 2.6 மடங்கு, நிறை எட்டரை மடங்குக்கு மேல். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை வைத்து அங்கே மீத்தேனும் கார்பன் டைஆக்சைடும் இருப்பதாகச் சொன்னார்கள். 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, நடு அகச்சிவப்பில் 6 முதல் 12 மைக்ரான் அலைநீளம் வரை பார்த்துவிட்டு, டைமெத்தில் சல்ஃபைடோ டைமெத்தில் டைசல்ஃபைடோ தெரிகிறது, இரண்டுமாகவும் இருக்கலாம் என்றது. பூமியில் டைமெத்தில் சல்ஃபைடு வாயு பெரும்பாலும் கடல் நுண்பாசிகளிடமிருந்துதான் வருகிறது. ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் ஊர்ப் பக்கம் கடல்பாசியை மணலில் பரப்பிக் காயவைத்திருக்கும் இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறீர்களா? மீன் வாடையும் இல்லாமல் சேற்று வாடையும் இல்லாமல் மூக்கில் ஏறும் ஒன்று இருக்கிறதே, அதில் இந்த வாயுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அது 124 ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தால் சும்மாவா?

பீக்கர்:
முட்டைக்கோஸ் வேகும்போதும் அதே வாடைதான் வரும். விண்கல் வாலிலும் வரும். ஆமாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். ரோசெட்டா விண்கலம் போன 67பி வால்மீனின் தரவில் 2024இல் இதே டைமெத்தில் சல்ஃபைடைக் கண்டார்கள். அங்கே என்ன பாசியா வளர்கிறது? (விண்கல் இல்லை, வால்மீன். அவசரத்தில் தட்டச்சிவிட்டேன்.)

அதே ஆண்டு ஆய்வகத்திலும் உயிர் சம்பந்தமே இல்லாமல் உண்டாக்கிக் காட்டினார்கள். மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரியான வாயுக் கலவை மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் போதும். ஆக, வாயு இருந்தாலும் உயிர் என்று ஆகிவிடாது. முதலில் வாயு இருக்கிறதா என்பதே சந்தேகம்.

நெய்தல்வாசி:
வால்மீனில் இருந்தது துளி அளவு. இங்கே சொல்வது பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல். பூமிக் காற்றில் அது நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். இவ்வளவையும் வால்மீன் கொண்டுவந்து கொட்டுமா?

சந்தேகம் பற்றி: அந்தக் குழு சொன்ன உறுதி மூன்று சிக்மா (சிக்மா கூடக் கூட, தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு குறையும்). தற்செயலாக வர 0.3 சதவீதம்தான் வாய்ப்பு. அப்படியென்றால் 99.7 சதவீதம் அங்கே அந்த வாயு இருக்கிறது.

கணக்குவாத்தியார்:
இங்கேதான் குறுக்கே வர வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். முதல் வரி பாதி சரி. "அப்படியென்றால்" என்று தொடங்கும் வரி தப்பு.

இருபது பேர் நிற்கும் அடையாள அணிவகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சாட்சி ஏழாவது ஆளைக் காட்டி, "இந்த வரிசையில் இவர்தான் அதிகம் ஒத்துப்போகிறார்" என்கிறார். திருடன் அந்த வரிசையில் நிற்கிறானா என்பதை யார் சொன்னது? மூன்று சிக்மா என்பது, நாம் எடுத்துக்கொண்ட மாதிரிகளுக்குள் (காற்றில் இன்னின்ன வாயு இருந்தால் தரவு எப்படி இருக்கும் என்ற கணக்குகளுக்குள்), இந்த வாயுவைச் சேர்த்த மாதிரி சேர்க்காததைவிட எவ்வளவு நன்றாகத் தரவோடு பொருந்துகிறது என்பதன் அளவு. வரிசைக்கு வெளியே நிற்பவரைப் பற்றி அது வாய் திறக்காது.

மதுசூதன் குழு வரிசையில் நிறுத்தியது இருபது மூலக்கூறுகள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வெல்பேங்க்ஸ் குழு தொண்ணூறை நிறுத்தியது. அதே தரவு, அதே மாதிரியான கணக்கு. ப்ரோபைன் என்ற வாயு அதே அளவுக்குப் பொருந்தி வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர் இன்னும் ஒரு படி மேலே போய், வெறும் நேர்க்கோட்டைப் போட்டே புள்ளிகளைப் பொருத்திக் காட்டினார். வளைவு மேடு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பீக்கர்:
ப்ரோபைன் ஒன்றும் தேவலோகத்துப் பொருள் இல்லை. வெல்டிங்குக்கு வரும் ஒருவகை வாயுக் கலவையில் அதுவும் இருக்கும்.

வாத்தியார் சொன்னதை நான் தினமும் பார்க்கிறேன். வேலை உணவுப் பரிசோதனைக் கூடத்தில். மாதிரியை ஊசியில் எடுத்து மெஷினுக்குள் செலுத்தினால் திரையில் மலை மலையாக வரும். ஒவ்வொரு மலைக்கும் மெஷின் தன் லைப்ரரியைத் தேடி ஒரு பெயர் போடும், பக்கத்தில் 91 சதவீதம், 88 சதவீதம் என்று பொருத்தமும் போடும். சேர்ந்த புதிதில், ஒரு மசாலா மாதிரியில் இருக்கவே முடியாத ஒரு பூச்சிக்கொல்லியின் பெயரை 90க்கு மேல் பொருத்தத்தோடு காட்டியது. கைகால் உதறியது. எங்கள் சீனியர் அக்கா வந்து பார்த்துவிட்டு, "லைப்ரரியில இல்லாத பொருளோட பேரை இது எப்பவுமே சொல்லாது தம்பி. இருக்கிறதுல கிட்டத்துல உள்ளதைச் சொல்லும்" என்றார். தெரிந்த பொருளை வாங்கி ஓட்டிப் பார்த்தோம். மலை வேறு இடத்தில் விழுந்தது. கே2-18பிக்கு அப்படி ஓட்டிப் பார்க்க ஸ்டாண்டர்டு பாட்டில் யாரிடமும் இல்லை.

சும்மா வந்தவன்:
நம்மவர் ஒருவர் பெரிதாக எதையாவது சொன்னால் போதும், மேலைநாட்டுக்காரர்கள் வரிசை கட்டி வந்துவிடுவார்கள். பொறாமை என்று ஒன்று உண்டல்லவா.

கணக்குவாத்தியார்:
நண்பரே, அவர் காசி ஐஐடியில் படித்தவர் என்பது உண்மை, பெருமையும்தான். ஆனால் இதே கோளில் இருப்பது நீர்க்கடல் இல்லை, பாறைக் குழம்புக் கடலாகவும் இருக்கலாம் என்று 2024இல் எழுதிய ஆலிவர் ஷார்டில் இருப்பதும் கேம்பிரிட்ஜில்தான். அந்தக் காற்றில் எதிர்பார்த்த அம்மோனியா தெரியவில்லை. கடல் நீர் கரைத்துக்கொண்டது என்கிறார் மதுசூதன். உருகிய பாறையும் அம்மோனியாவில் உள்ள நைட்ரஜனைக் கரைத்துக்கொள்ளும் என்கிறது ஷார்டில் குழு. ஒரே பல்கலைக்கழகத்துச் சண்டைக்கு நாம் ஏன் பாஸ்போர்ட் கேட்க வேண்டும்?

நெய்தல்வாசி:
பொறாமை வாதம் எனக்கும் வேண்டாம். ஆனால் வரிசை வாதத்துக்கு பதில் இருக்கிறது. தொண்ணூறு போதாது என்றுதானே சொல்வீர்கள்? கேம்பிரிட்ஜ் குழு பிறகு 650 மூலக்கூறுகளை நிறுத்திப் பார்த்தது. அதிலும் டைமெத்தில் சல்ஃபைடு முன்வரிசையில் நின்றது. கூட நின்ற சிலதுக்கு வாயில் நுழையாத பெயர். அவை அந்தக் காற்றில் எப்படி உண்டாகும் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொன்று. இப்படிப்பட்ட ஹைட்ரஜன் போர்த்திய கடல் உலகத்துக்கு "ஹைசியன்" என்று 2021இல் பெயர் வைத்தபோதே, இந்த வாயுவைத் தேட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அம்பு விட்ட பிறகு வட்டம் போட்டவர்கள் இல்லை.

பீக்கர்:
கடைசிப் பாயின்ட் நல்ல பாயின்ட். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வட்டத்தை முதலிலேயே போட்டவருக்கு, அம்பு அதற்குள் விழுந்த மாதிரியே தெரியும் ஆபத்தும் உண்டு.

இந்தக் கோள் ஏற்கெனவே ஒரு தடவை ஏமாற்றியிருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லையே! 2019இல் ஹபிள் தரவை வைத்து "வாழத்தக்க மண்டலத்துக் கோளில் நீராவி" என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. 1.4 மைக்ரான் பக்கம் ஒரு மேடு. நீராவியும் அங்கே ஒளியை விழுங்கும், மீத்தேனும் விழுங்கும். ஜேம்ஸ் வெப் பார்த்தபோது தெரிந்தது மீத்தேன். அதே கோள், அதே வகைத் தவறு. அதனால்தான் என் கை நடுங்குகிறது.

அளவையும் பாருங்கள். கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி குறைவதே 0.3 சதவீதம்தான். காற்று மண்டலம் அதில் சேர்ப்பது அதிலும் சிறு பின்னம். இந்தத் தடவை பார்த்தது ஒரே ஒரு கடப்பு. அளவில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோடுகள், அந்த வாயுவைக் காட்டும் மேட்டின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட நிற்கின்றன.

கணக்குவாத்தியார்:
அதற்குப் பிறகு வானியலாளர் ரென்யு ஹுவின் குழு கூடுதல் கடப்புகளை அருகு அகச்சிவப்பில் சேர்த்துப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். மீத்தேனும் கார்பன் டைஆக்சைடும் உறுதியாயின. கோளின் உட்பகுதியில் நிறைய நீர் இருக்க வேண்டும் என்றும் முடிவு. டைமெத்தில் சல்ஃபைடு மட்டும் பிடிபடவில்லை.

நெய்தல்வாசி:
பார்த்தீர்களா, நீர்!

பீக்கர்:
நீர் இருக்கிறது என்றார்கள். அலை அடிக்கிறது என்று சொல்லவில்லை.

நெய்தல்வாசி:
சரி, 99.7 வரியைத் திரும்பப் பெறுகிறேன். வாத்தியார் சொன்னது புரிந்தது. ஆனால் "கதை முடிந்தது" என்பதை ஏற்க மாட்டேன். இன்னும் 16 முதல் 24 மணி நேரம் ஜேம்ஸ் வெப் கிடைத்தால், கண்டுபிடிப்பு என்று வழக்கமாக ஏற்கும் ஐந்து சிக்மாவை எட்டலாம் என்று அந்தக் குழுவே எழுதியிருக்கிறது. மிஞ்சிப் போனால் ஒரு நாள். அதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மூடுங்கள் திரியை. பீக்கர் அண்ணா, பந்தயம் கட்டுகிறீர்களா?

பீக்கர்:
கட்டுகிறேன். ஆனால் ஐந்து சிக்மா மட்டும் போதாது. நடு அகச்சிவப்பிலும் அருகு அகச்சிவப்பிலும் ஒரே வாயு, ஒரே அளவில் தெரிய வேண்டும். வேறு குழு, வேறு மென்பொருளில் அதே தரவைச் சுத்தம் செய்து அதையே எடுக்க வேண்டும். ப்ரோபைன் வரிசையில் நிற்க வேண்டும்.

நெய்தல்வாசி:
நிற்கட்டும். நான் தோற்றால் மண்டபத்துக்கு வாருங்கள், மீன் சாப்பாடு என் செலவு. நான் ஜெயித்தாலும் வாருங்கள், பாசி காய்கிற இடத்தில் உங்களை ஒரு மணி நேரம் நிற்க வைக்க வேண்டும்.

பீக்கர்:
அது வாயு ஜெயித்தால். உயிர் என்று சொல்ல வேறு பந்தயம், வேறு சாப்பாடு.