தோடம்பழ நிறத்தில் பன்னிரண்டு உருண்டைகள்

கல்லடியிலிருந்து:

சென்ற ஆவணியில் மட்டக்களப்பு நகரில் கடையொன்று மூடப்படவிருந்த வேளையில், பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறதே என்ற ஆசையில், தோடம்பழ நிறத்தில் 12 உருண்டை நூலை வாங்கி வந்தேன். கடையின் மங்கிய வெளிச்சத்தில் சாதுவாகத் தெரிந்த அந்த நிறம், வீட்டு முற்றத்து வெயிலில் வீதி திருத்துவோரின் மேலங்கியைப் போல் எரிந்தது. "இதை ஆருக்குப் பின்னப் போறாய் பிள்ளை?" என்று அம்மம்மா கேட்டார். அதற்கு விடை காண எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

முதலில் சால்வையொன்றைத் தொடங்கி, ஒரு சாண் அளவு பின்னியபின் அவிழ்த்துவிட்டேன். அடுத்துச் சூடான சட்டி இறக்கும் பிடிதுணி பின்னலாம் என்று எண்ணியபோது, நூல் எதனால் ஆனது என்று முதலில் பார்க்கும்படி மச்சாள் தடுத்தாள். உருண்டைகளில் நூலின் விபரம் எழுதிய சுட்டி எதுவும் இருக்கவில்லை. ஆகவே ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துக் கொளுத்தினோம். பருத்தியாக இருந்திருந்தால் கடதாசி எரியும் மணத்துடன் மென்மையான சாம்பலாகியிருக்கும். ஆட்டு மயிராக இருந்திருந்தால் தலைமயிர் கருகும் நாற்றம் வந்து தீ தானாக அணைந்திருக்கும். இதுவோ உருகிச் சொட்டி, கறுத்த மணியாக இறுகிப்போனது. அக்ரிலிக் போன்ற செயற்கை நூல் என்பது தெளிவாயிற்று, பிடிதுணி யோசனையும் அன்றோடு முடிந்தது.

அதன்பின் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு, இந்த நூல் எதற்கு உதவும் என்று யோசித்தேன். 12 உருண்டைகளின் 600 கிராமில் வளர்ந்த ஒருவருக்குச் சுவெட்டர் பின்னலாம். ஆனால் எங்கள் வெக்கையில், வியர்வையை உறிஞ்சாத நூலில் பின்னியதை அணிவது தண்டனைக்குச் சமம். பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அக்ரிலிக் 2 சதவீதத்தைக்கூட எட்டாது. அந்தக் குறையே மழைக்காலத்தில் நன்மையாகிறது, ஏனெனில் நனைந்தாலும் விரைவில் உலர்ந்துவிடும். அப்போதுதான் படுவான்கரையில் வயல் செய்யும் மாமாவின் நினைவு வந்தது. பெரும்போகக் கதிர் முற்றும்வரை, மார்கழி, தைப் பனியில், யானைக்கும் பன்றிக்கும் காவலாக அவர் வாடியில் விழித்திருப்பார். விடியும் வேளையில் சைக்கிளில் பிரதான வீதியால் திரும்புவார். அந்த அரைவெளிச்சத்தில் வாகனச் சாரதிகளின் கண்ணில் படவேண்டிய தலைக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் ஏது?

காது மூடும் தொப்பியொன்றுக்கு இரண்டு உருண்டைகள் சென்றன. மாமாவுக்கும் அவருடைய காவல் கூட்டாளிகள் இருவருக்குமாக மூன்று பின்னினேன். வாடியில் நெருப்பு மூட்டும்போது தொப்பியுடன் குனியக் கூடாது என்று பலமுறை சொல்லி அனுப்பினேன், கேட்டிருப்பாரோ தெரியாது. மீதி ஆறு உருண்டைகள் பெட்டியில் கிடக்கின்றன.

மருதமுனையிலிருந்து:

எங்கள் ஊரில் கைத்தறியில் மிஞ்சிய நூல் மலிவாகக் கிடைக்கும். அடர்ந்த மெஜெந்தா நிறத்தில் அப்படி வாங்கிய பருத்தி நூல் மெல்லியதாக இருந்ததால், நான்கு இழைகளைச் சேர்த்து, கொக்கி ஊசியால் மகளுக்கு ஒரு மேற்சட்டை பின்னினேன். முதல் சலவையிலேயே அவளுடைய வெள்ளைப் பாடசாலைச் சீருடை ரோசா நிறமானது. வினாகிரியில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று ராத்தா சொன்னதை நம்பி ஒரு போத்தலைத் தீர்த்தேன். கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயத்துக்கே அது உதவும், பருத்திச் சாயத்தை அது பிடித்து நிறுத்தாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இப்போது அடர்நிற நூல் எதுவானாலும், ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி இரவு முழுவதும் வைத்துப் பார்க்காமல் ஒரு கண்ணிகூடப் போடுவதில்லை. சட்டையை அவிழ்த்துச் சந்தைப் பையாக்கினேன். கூட்டத்தில் உம்மாவைத் தேட அந்தப் பை ஒன்றே போதும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

கல்லடிச் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். மிச்ச உருண்டைகளைப் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். மலிவு விற்பனையில் வெவ்வேறு தடவை சாயமிட்ட தொகுதிகள் கலந்துவிடுவது வழக்கம். நான் அதைக் கவனியாமல் பின்னிய குழந்தைப் போர்வையின் நடுவில், அளவுகோலால் கோடு போட்டதுபோல் நிறம் மாறியது. இரண்டு வரிசைக்கு ஒருமுறை உருண்டையை மாற்றிப் பின்னினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

மீண்டும் கல்லடியிலிருந்து:

பார்த்தேன், ஆறில் இரண்டு சற்று வெளிறியிருக்கின்றன. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸின் ஏசிக் குளிரில் அம்மம்மா நடுங்குவதை எண்ணி, கைவிட்ட சால்வையையே மறுபடி தொடங்கியிருக்கிறேன். நிறம் பிடிக்காவிட்டாலும் இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டு வரிசைக்கு ஒருமுறை உருண்டையை மாற்றுகிறேன். இதுவரை மூன்று சாண் ஆகியிருக்கிறது.