பீடி சுற்றும் பெண்கள் கூட்டத்தில் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசணும்: எதைச் சொல்ல, எதை விட?

கடனாநதி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். முக்கூடல் பக்கம் நாலு மகளிர் குழுக்களைச் சேர்த்து ஒரு கூட்டம் போடுகிறோம். அறுபது பேர் போல வருவார்கள். வயது 25 முதல் 65 வரை, முக்கால்வாசிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். கிடைப்பது அரை மணி நேரம். அதையும் மடியில் சொளவை வைத்துக்கொண்டேதான் கேட்பார்கள். நோய்க்கான காரணங்களை ஒரு பட்டியலாக வாசித்தால் போதும் என்று குழுவில் சிலர் சொல்லுகிறார்கள், எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை.

இதுவரை காதுக்கு வந்த கேள்விகள்: பீடித்தூளால் வருமா? அம்மா வழியில் இருந்தால்தான் வருமா? கோயில் கொடைத் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போடுகிறோமே, அதனால் வருமா? கறுப்பு பிரா போட்டால் வருமாமே? பால் கொடுத்தவளுக்கு வராதாமே? மாதாமாதம் தடவிப் பார்த்தால் போதுமா, படம் எடுக்கணுமா? கட்டியில் ஊசி குத்திப் பரிசோதித்தால் பரவிரும்கிறாங்களே?

துறையில் இருக்கிறவர்கள் சொன்னால் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வேன்.

வார்டு அக்கா பதில்:

பட்டியல் வேண்டாம்ணு நீங்க நினைச்சதுதான் சரி தங்கச்சி. அதைக் கேட்கிறவள், "எனக்குப் பதினாலுலதான் சடங்கு, இருபத்தொண்ணுல மூத்தவன் பொறந்தான், மூணு பிள்ளைக்கும் பால் குடுத்திருக்கேன், குடும்பத்துல யாருக்கும் இல்ல" என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் தனக்கு வராது என்று எழுந்து போய்விடுவாள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண்ணாக இருப்பதும் 40 வயதைத் தாண்டியதும் தவிரச் சொல்லும்படியான காரணம் எதுவுமே கிடையாது. முதல் ஐந்து நிமிடத்தை இதற்கே கொடுங்கள். 2022-இல் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்ட பெண்கள் சுமார் 1,92,000 பேர், இறந்தவர்கள் சுமார் 98,000 பேர் என்பது குளோபோகான் என்ற உலகப் புற்றுநோய்க் கணக்கின் மதிப்பீடு. மேலை நாட்டுப் பெண்களைவிட நம்மவர்களுக்குச் சுமார் பத்து வயது முன்னாடியே வருகிறது. அதனால் நாற்பதுகளில் இருக்கிறவளை "உனக்கு இன்னும் வயசு இருக்கு" என்று சொல்லக் கூடாது.

இனி உங்கள் கேள்விகள். பீடித்தூள் மூச்சுக்கும் தோலுக்கும் கெடுதல். ஆனால் தூளைக் கையாளுவதால் மார்பகப் புற்று வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதை வைத்துப் பயமுறுத்தினால் பேச்சு "சுத்துறத விட்டா சோறு யாரு போடுவா" என்று போய்விடும். அதற்குப் பதில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதைப் பேசுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பல மார்பகப் புற்றுகளை வளரவைக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு சூலகம் (ஓவரி) அதைச் சுரப்பதில்லை, உடம்புக் கொழுப்புதான் தயாரிக்கிறது. அந்த வயதில் எடை கூடினால் ஆபத்து கூடுவது இதனால்தான். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை போதும், பீடிக்கடைக்கு இலை வாங்கப் போய்வரும் நடையையும் வேகமாக நடந்தால் கணக்கில் சேர்க்கலாம்.

அம்மா வழி மட்டும் என்பது தப்பு. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுக்களில் வரும் பழுதை அப்பாவும் பிள்ளைக்குக் கொடுக்க முடியும், அவருக்கு எந்த நோயும் இல்லாமலே. "அத்தைக்கு வந்தா நமக்கென்ன" என்று நம் ஊரில் விட்டுவிடுவார்கள். அத்தையையும் அப்பாவைப் பெற்ற ஆச்சியையும் எண்ணத்தான் வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கட்டியிருந்தால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மூன்று தலைமுறைக்கு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில். 50 வயதுக்குள் வந்தது, இரண்டு மார்பிலும் வந்தது, சூலகப் புற்று, ஆணுக்கு மார்பில் வந்தது, இதில் ஒன்று இருந்தாலும் மரபணு ஆலோசனை கேட்கணும். சோதனையை முடிந்தவரை நோய் வந்தவரிடமே முதலில் செய்யணும். நோயில்லாத மகளுக்கு மட்டும் செய்து "இல்லை" என்று வந்தால், குடும்பத்தில் என்ன பழுது என்றே தெரியாமல் அந்த "இல்லை"க்கு முழு மதிப்பு கிடையாது. ஆனாலும் மரபுவழியாக வருவது மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான்.

பால் கொடுத்தால் வராது என்பது பாதி உண்மை. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002-இல் வந்த கணக்குப்படி, மொத்தம் 12 மாதம் பால் கொடுத்தால் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது, ஒவ்வொரு பேற்றுக்கும் தனியாக 7 சதவீதம். குறைகிறது, அவ்வளவுதான்.

கொடைக்குப் போடுகிற மாத்திரை நாலைந்து நாள் சமாச்சாரம். வருடக்கணக்கில் ஹார்மோன் எடுப்பதோடு அதைச் சேர்க்க வேண்டாம். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துப் பல வருடம் எடுத்தால் ஆபத்து கூடுவது 2002-இல் அமெரிக்கப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் தெரியவந்தது. கொடை மாத்திரையில் பயப்பட வேண்டியது வேறு: காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள் அதைக் கேட்காமல் மெடிக்கலில் வாங்கிப் போடக் கூடாது.

கறுப்பு பிரா, ரவிக்கைக்குள் வைக்கிற செல்போன், பிள்ளை முட்டியது இதற்கெல்லாம் ஒரு வரி போதும்: இல்லை. அடிபட்டதும் கை அங்கே போகும், ஏற்கெனவே இருந்த கட்டி அப்போதுதான் அகப்படும். அதனால்தான் அடியால் வந்த மாதிரித் தெரிகிறது.

ஐந்தாம் நம்பர் அறை பதில்:

அக்கா காரணத்தைச் சொல்லிட்டாங்க, நான் பரிசோதனைப் பக்கம் மட்டும்.

தடவிப் பார்ப்பது பற்றி நேர்மையாகவே சொல்லுங்க. ஷாங்காயில் 2,66,064 ஆலைத் தொழிலாளிப் பெண்களை வைத்து நடந்த சோதனையில், முறையாகச் சொல்லிக்கொடுத்தும் இறப்பு குறையவில்லை. ஆகவே "மாதாமாதம் தடவினா போதும்" என்பது தப்பு. ஆனால் தன் மார்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று தெரியாதவளுக்கு மாற்றமும் தெரியாது. படம் எடுக்கும் வசதி பக்கத்தில் இல்லாத ஊர்களில் இந்தப் பழக்கம் பயன்படத்தான் செய்யும்.

முறை இது. விலக்கு தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் பார்க்கணும். அதற்கு முந்தின வாரம் மார்பு கனத்து முடிச்சு முடிச்சாக இருக்கும், அனாவசியப் பயம் வரும். விலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளட்டும். முதலில் கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கி, பிறகு இடுப்பில் ஊன்றிப் பார்க்கணும்: தோல் எங்காவது குழிகிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரித் தடித்திருக்கிறதா. பிறகு படுத்து, பார்க்கிற பக்கத்துத் தோளுக்கு அடியில் ஒரு துணி மடிப்பு வைத்து, எதிர்க்கையின் நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் தடவணும். விரல் நுனியால் கிள்ளினால் எல்லாமே கட்டியாகத்தான் தெரியும். அக்குளில் தொடங்கி நெஞ்செலும்பு வரை, மேலும் கீழுமாக, காறையெலும்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு தாண்டும் வரை. ஒவ்வொரு இடத்திலும் லேசாக ஒரு அழுத்து, நடுத்தரமாக ஒன்று, விலா தட்டுப்படும்படி ஒன்று. கடைசியில் அக்குள் குழி. பெரும்பாலானவர்கள் விடுவது அதைத்தான்.

செவிலியரோ மருத்துவரோ கையால் பார்க்கும் பரிசோதனைக்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கு. மும்பையில் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருடம் தொடர்ந்து கவனித்து 2021-இல் முடிவை வெளியிட்டது: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அப்படிப் பார்த்ததில் நோய் முன்னதாகவே பிடிபட்டது, 50 வயதைத் தாண்டியவர்களில் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களில் அந்தக் குறைவு தெரியவில்லை. அரசுத் திட்டத்தில் 30 வயதுக்கு மேல் இது இலவசம். துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செவிலியரிடம் கேட்டால் வாயையும் கர்ப்பப்பை வாயையும் அதே நாளில் பார்த்துவிடுவார்கள். புகையிலை போடுகிறவர்கள் வாயைக் கட்டாயம் காட்டணும்.

மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே என்றால் ஒவ்வொரு மார்புக்கும் இரண்டு, மொத்தம் நாலு படம். தட்டுக்கு நடுவில் அழுத்துவது சில விநாடிதான். அன்றைக்கு அக்குளிலும் மார்பிலும் பவுடர் போடக் கூடாது, அதன் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரியும். இளவயதில் மார்பு அடர்த்தியாக இருப்பதால் படம் வெள்ளையாகவே வரும், கட்டியும் வெள்ளை. 40-க்குக் கீழே கட்டி தட்டுப்பட்டால் முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பது இதனால்தான். ரிப்போர்ட்டின் அடியில் பைராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 3 என்றால் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கணும், 4-ம் 5-ம் ஊசிப் பரிசோதனைக்கு. 0 என்று போட்டிருந்தால் "ஒண்ணுமில்ல" என்று அர்த்தமில்லை, இன்னும் படம் தேவை. இந்தப் பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. கையில் கட்டி தெளிவாகத் தட்டுப்படுகிறது, படம் மட்டும் நார்மல் என்றாலும் விடக் கூடாது.

பார்மலின் பதில்:

நம்ம பக்கம் உயிர் போவது கட்டி கண்ணுக்குப் பட்டதற்கும் சரியான ஊசிப் பரிசோதனை செய்ததற்கும் நடுவில்தான். "நோவே இல்லியே, எதுக்குட்டி ஆஸ்பத்திரிக்கு" என்று ஆறு மாதம், பத்துப் போட்டு இரண்டு மாதம். ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்பதைக் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லணும்.

ஊசி குத்தினால் பரவும் என்ற பயத்துக்குப் பதில்: பரவுவதில்லை. பயப்பட வேண்டியது, என்ன கட்டி என்று தெரியாமலே சின்ன கிளினிக்கில் வெட்டி எடுத்துவிடுவதைத்தான். சுற்றியுள்ள நல்ல சதையின் ஓரம் கணக்கில்லாமல் போகும், அக்குள் நெறிக்கட்டியைப் பார்த்திருக்க மாட்டார்கள், இரண்டாவது தடவை திறக்க வேண்டிவரும். அதைவிட மோசம், எடுத்ததைப் பரிசோதனைக்கே அனுப்பாமல் "கொழுப்புக் கட்டிதான்" என்று தூக்கிப் போடுவது.

மெல்லிய ஊசியில் உறிஞ்சுவது ஒன்று, தடித்த ஊசியில் சதைத்துண்டு எடுப்பது இன்னொன்று. முதலாவதில் செல் மட்டும்தான் வரும், நோய் பால் குழாயைத் தாண்டிவிட்டதா என்று சொல்ல முடியாது. மருத்துவர் சந்தேகப்படும்போது அதில் "இல்லை" என்று வந்தாலும் இரண்டாவதைக் கேட்கணும். மரத்துப்போக ஊசி போட்டு, 14-ஆம் எண் ஊசியால் நாலைந்து துண்டு எடுப்பார்கள். எடுத்ததும் ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத பார்மலினில் போடணும், சதையைப்போல் பத்து மடங்கு திரவம் வேணும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேல் போகாமலும் ஊறணும். சொந்தக்காரர் கையில் உப்புத்தண்ணீர் பாட்டிலில் கொடுத்தனுப்பினால் சதை அழுகி, ஈ.ஆர்., பி.ஆர். (புற்று ஹார்மோனை ஏற்கிறதா என்பது), ஹெர்-2 (புற்றை வளர்க்கும் ஒரு புரதம்) பரிசோதனையே பொய்யாகிவிடும். மருந்து முழுக்க அந்த மூன்றை வைத்துத்தான். ஹெர்-2 "2+" என்று வந்தால் அது முடிவல்ல, ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்யணும்.

ஆஸ்பத்திரி மாறும்போது ரிப்போர்ட் தாளோடு கண்ணாடி ஸ்லைடையும், சதைத்துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்க. ஹைகிரவுண்டு (நெல்லை அரசு ஆஸ்பத்திரி) விட்டுத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்கள் வெறும் தாளோடு போய், பிளாக்குக்காக மறுபடி பஸ் ஏறுவது வாடிக்கையாகிவிட்டது.

கவுண்டர்_3 பதில்:

பணத்தைப் பற்றியும் சொல்லிருங்க, பாதிப் பேர் தயங்குவது அதற்குத்தான். முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும், வருடத்துக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் பதியலாம். தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்குத் தென்காசியில். நோய் வந்த பிறகு ஓடாமல் இப்பவே எடுத்து வைக்கச் சொல்லுங்க. ரேஷன் கார்டில் பெயர் இல்லாத மருமகள்கள்தான் கடைசி நேரத்தில் மாட்டுகிறார்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் நலநிதியில் புற்றுநோய் சிகிச்சைச் செலவுக்கும் உதவி உண்டு, விவரத்தை முக்கூடல் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கலாம். சந்தேகம் எதுவானாலும் அரசு மருத்துவ உதவி எண் 104.

கடனாநதி:

எல்லாருக்கும் நன்றி. ஒரு அவசரக் கேள்வி. குழுவில் ஒரு பிள்ளைக்கு 32 வயது, எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். மூணு வாரமாகக் கட்டி இருக்காம். பால் கட்டுன்னு மாமியார் மைனி எல்லாரும் சொல்லுறாங்க, வெந்நீர் ஒத்தடம் நடக்குது. கூட்டத்துக்கு வரட்டும்ணு விடலாமா?

வார்டு அக்கா பதில்:

விடாதீங்க, நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. பால் கட்டு என்றால் நன்றாகக் கறந்துவிட்ட ஓரிரு நாளில் கரையணும். சிவந்து காய்ச்சலோடு இருந்து, மாத்திரை போட்டும் பத்து நாளில் அடங்காவிட்டாலும் இதே கதைதான், மார்பு முழுக்கச் சிவக்கிற ஒருவகைப் புற்றும் அப்படித்தான் தொடங்கும். இரண்டு வாரம் தாண்டின எந்தக் கட்டிக்கும் அல்ட்ராசவுண்ட் பார்க்கணும். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனால் அதைத் தடவிப் பார்த்து யாரும் முடிவு செய்ய முடியாது.

பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், ஸ்கேனும் ஊசியும் அதோடு செய்யலாம். ஸ்கேனுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்து மார்பில் குழந்தைக்குக் கொடுத்துவிடட்டும், படம் தெளிவாக விழும். எந்தத் தேதியிலிருந்து கட்டி, இதுவரை என்ன மாத்திரை போட்டாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்க.