கதையில பொண்ணுங்க ஒண்ணு அழுறாங்க, இல்ல அறையுறாங்க... நடுவுல இருக்கறவங்க எங்க?

புளியமரத்து வீடு (காரிமங்கலம்):

வணக்கம். ரொம்ப நாளா மனசுல இருக்கற கேள்வி, இங்க படிக்கறவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தான் கேக்கறேன். எங்க ஊர் நூலகத்துல இருந்து எடுத்துட்டு வந்து ரெண்டு வருஷமா விடாம படிக்கறேன். பொம்பளைங்க படற கஷ்டத்தை எழுதின கதைன்னு எடுத்தா முக்கால்வாசி ரெண்டே விதம் தான் இருக்கு. ஒருத்தி அடி வாங்கிட்டு, பேச்சு கேட்டுட்டு, கடைசியில கெணத்துல விழறா. இன்னொருத்தி கடைசி அத்தியாயத்துல எழுந்து நின்னு நாலு பக்கம் வசனம் பேசி புருஷனையோ மேனேஜரையோ அறைஞ்சுட்டு வெளிய போறா. எங்க அம்மா ரெண்டும் பண்ணல, எங்க ஆயாவும் பண்ணல, நானும் பண்ணல.

எங்க வீட்டுல களி கிளறுறதைச் சொல்றேன். ஆயா அடுப்பு முன்னாடி காலை நீட்டி ஒக்காந்து பானையை ரெண்டு காலால கவைக்கோல் வச்சு அழுத்திப் பிடிச்சுகிட்டு துடுப்பால கிளறும், தோள்பட்டை எறங்கிப் போயிடும். மொத உருண்டை தாத்தாவுக்கு, அப்புறம் அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, அப்புறம் எங்க அண்ணனுக்கு, அதுவும் அவன் மூணாவது படிக்கும்போதே. கிளறினவளுக்கு அடிப்பானையில ஒட்டின காந்தல், அதுல கொஞ்சம் தண்ணி ஊத்தி சொரண்டி குடிக்கும். யாரும் ஆயாவை அடிக்கல, திட்டல. ஆயாவும் கோவப்படல. ஆனா எனக்குன்னு ஒரு சின்ன உருண்டையை முந்தானைக்குள்ள மறைச்சு வச்சிருந்து அண்ணன் வெளிய போனதும் கொடுக்கும். அந்த மறைச்சு வச்ச உருண்டை எந்த புஸ்தகத்துல இருக்கு? அதை எழுதினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, தேடிப் படிக்கறேன்.

ஊத்தங்கரை டீச்சர்:

உன் களிப்பானையைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே ஒக்காந்துட்டேன்மா. எங்க வீட்லயும் அதே காந்தல் தான்.

நீ மொதல்ல அம்பையோட ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ படி. சிறுகதை தான், ஒரே மூச்சுல முடிஞ்சுடும், ஆனா படிச்சப்புறம் விடாது. ஒரு பொண்ணு, பதிமூணு வயசு இருக்கும், அம்மா ஊருக்குப் போயிருக்கற நேரத்துல வயசுக்கு வந்துடறா. சுத்தி இருக்கறவங்க என்னென்னவோ சொல்றாங்க, இவளுக்கு ஒண்ணும் புரியல, பயமா இருக்கு, அம்மா வந்தா எல்லாத்தையும் விளக்கிடுவா, அம்மா கை பட்டா சரியாயிடும்னு வாசலைப் பாத்துட்டே இருக்கா. அம்மா போனது சித்தி பொண்ணைப் பொண்ணு பாக்க வந்ததுக்கு, அவ கறுப்பா இருக்கான்னு அந்த சம்பந்தம் தட்டிப் போயிடுச்சு. அந்த ஆத்தாமையோட திரும்பி வந்த அம்மா மகளைப் பாத்ததும் ஒரு வாக்கியம் சொல்றா, உனக்கு இப்ப என்ன இதுக்கு அவசரம்ங்கற மாதிரி. அவ்ளோ தான். கொலைன்னு தலைப்பு வச்சது அதுக்குத் தான். அதுல வில்லன் யாருன்னு தேடினா ஆள் கிடைக்க மாட்டான்.

இதை நான் ஒம்பதாவது பொண்ணுங்களுக்கு நூலக பீரியட்ல வாசிச்சுக் காட்டினேன், கதை முடிஞ்சதும் கிளாஸே சத்தம் இல்லாம இருந்துச்சு. அப்புறம் கடைசி பெஞ்சுல இருந்த ஒரு பொண்ணு எழுந்து, மிஸ் எங்கம்மா எனக்குச் சொன்னது வேற வாக்கியம்னு சொல்லிட்டு ஒக்காந்துடுச்சு. என்ன வாக்கியம்னு நான் கேக்கல. நம்ம பக்கம் வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி பதினெட்டுக்கு முன்னாடியே முடிச்சு வைக்கற வீடு இன்னும் இருக்கு, அந்த வாக்கியத்துக்கு அப்புறம் என்ன ஆகும்னு அந்தப் பொண்ணுங்களுக்கு என்னை விட நல்லாவே தெரியும்.

ஓசூர் நைட் ஷிப்ட்:

எனக்கு இதுல மாற்றுக் கருத்து இருக்கு அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்த அறையுற பொண்ணு கதையை அவ்ளோ சாதாரணமா ஒதுக்காதீங்க. நான் டிப்ளமோ முடிச்சு இங்க ஒரு கம்பெனியில சேந்தப்போ பொண்ணுங்களை எல்லாம் பேக்கிங்ல போட்டுட்டு மெஷின் செட்டிங் பக்கமே விட மாட்டாங்க, ‘உனக்கு எதுக்கும்மா அதெல்லாம், ரெண்டு வருஷத்துல கல்யாணம் ஆயி போகப்போற’ன்னு சூப்பர்வைசர் சிரிச்சுட்டே தான் சொல்லுவார், அதனால கோவப்படவும் முடியாது. பஸ்ஸுல மாச நாவல் படிப்பேன், அதுல வர்ற ஹீரோயின் எல்லாம் நீங்க சொன்ன மாதிரி பெரிய பெரிய வசனம் தான் பேசுவாங்க. நான் அப்படியெல்லாம் பேசல. ஆனா பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு ஒரே ஒரு வரியை மட்டும் பத்து தடவை சொல்லிப் பாத்துட்டு போயி சொன்னேன், ‘சார் ஒரு தடவை காட்டிக் கொடுங்க, வரலைன்னா நானே பேக்கிங்குக்குப் போறேன்’னு. இப்ப அந்த லைன்ல செட்டிங் நான் தான் பாக்கறேன். வாயைத் திறக்கலாம்னு எனக்குச் சொன்னது அந்த மாச நாவல் தான். நல்ல இலக்கியம் எல்லாம் அப்புறம் தான் படிச்சேன்.

புளியமரத்து வீடு (காரிமங்கலம்):

இல்லம்மா, நீ சொல்றது சரி தான், ஒதுக்கணும்னு சொல்ல வரல. நீ கண்ணாடி முன்னாடி பத்து தடவை சொல்லிப் பாத்தேல்ல, அந்தக் காட்சி கதையில வர்றதில்லையேன்னு தான் என் வருத்தமே.

தகடூரான்:

சகோதரிகள் பேசறதுல நானும் ஒண்ணு சேத்துக்கறேன். நான் தமிழ் சொல்லிக் கொடுக்கறவன். நம்ம தருமபுரி தான் தகடூர், அதியமான் நெல்லிக்கனி கொடுத்தது ஔவைக்குன்னு ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஔவைன்னதும் என்ன படம் மனசுல வருது? நரைச்ச முடி, கூனு, கையில தடி. ஆனா புறநானூறு 89ஆம் பாட்டை எடுத்துப் பாருங்க, ஔவை பாடினது. பாட்டைச் சொல்றது ஒரு விறலி, அதாவது ஆடிப் பாடுற பொண்ணு, அவளை எதிரி அரசன் ‘மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி’ன்னு கூப்பிட்டு, உங்க நாட்டுல சண்டை போட ஆள் இருக்கான்னு கேக்கறான். மை தீட்டின கண்ணு, பளிச்சுன்னு நெத்தி, அது கிழவி இல்ல. 95ஆம் பாட்டுல அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமான்ங்கற அரசனோட ஆயுதச் சாலையைப் பாத்துட்டு, உன் வேல் எல்லாம் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி அழகா இருக்கு, எங்க ஆள் வேல் எல்லாம் குத்திக் குத்தி நுனி ஒடைஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குதுன்னு புகழுற மாதிரியே சொல்லிட்டு வர்றா. ரெண்டு அரசனுங்களுக்கு நடுவுல பேசிட்டு வந்த பொம்பளை.

அப்புறம் கதை எப்படி மாறுச்சு? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாத்தப்போ பிள்ளையாரை வேண்டிக்கிட்டு கிழவியாயிட்டான்னு ஒரு கதை சேந்துகிச்சு. ஆத்திசூடி பாடின ஔவை பிற்காலத்தவர்னு தான் சொல்றாங்க, ஆனா மக்கள் மனசுல எல்லாரும் ஒரே கிழவி. யோசிச்சா எனக்கு இது தான் உறுத்துது, ஒரு பொண்ணு அறிவா பேசணும், ஊர் ஊரா தனியா நடக்கணும், ராஜா கூட ஒக்காந்து குடிக்கணும்னா அவ கிழவியா இருந்தா தான் நம்ம ஆளுங்களால ஒத்துக்க முடிஞ்சிருக்கு. சகோதரி ரெண்டு விதம்னு சொன்னீங்க, இது மூணாவது விதம்: வயசை எடுத்துட்டு மரியாதை கொடுக்கறது.

குறுந்தொகை 28ம் ஔவை பேர்ல இருக்கற பாட்டு தான், ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’னு ஆரம்பிக்கும். பிரிவுல தவிக்கறவ பாட்டு. என் நோவு தெரியாம தூங்குற இந்த ஊரை என்ன பண்றது, முட்டவா, தாக்கவா, ஆ ஓன்னு கத்தவான்னு கேக்கறா. வகுப்புல நடத்தும்போது பொண்ணுங்க நிமிந்து பாப்பாங்க.

பாலக்கோடு அக்கா:

நான் சத்துணவுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவ, எனக்கு பெருசா எழுத வராது. ராஜம் கிருஷ்ணன் எழுதின ‘மண்ணகத்துப் பூந்துளிகள்’ யாரும் சொல்லலையே. பொம்பளைப் பிள்ளை பொறந்தா கொல்றதைப் பத்தின நாவல். வேண்டாம்னு நெனைக்கற பொம்பளைப் பிள்ளையைக் கொல்லாம அரசாங்கத் தொட்டில்ல விட்டுட்டுப் போகலாம்னு 1992ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சாங்க, 2001ல நம்ம மாவட்டத்துக்கும் வந்துச்சு, ஏன் வந்துச்சுன்னு இந்த ஊர்ல என் வயசுக்காரிங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. பத்திரிக்கைக்காரங்க வந்து கள்ளிப்பால், நெல்லுன்னு எழுதிட்டு எங்களை எல்லாம் ராட்சசி மாதிரி காட்டிட்டு போயிட்டாங்க. மூணாவதும் பொண்ணுன்னு தெரிஞ்சதும் மாமியா எழுந்து வெளிய போயிடும், புருஷன் பாக்கவே வர மாட்டான், பெத்தவளுக்கு வெந்நி வச்சுக் கொடுக்க ஆள் இருக்காது. அதை நான் கண்ணால பாத்திருக்கேன். பெத்தவளைப் பத்தி எழுதறவங்க அந்த வெந்நி வைக்காத வீட்டையும் சேத்து எழுதணும்.

அப்புறம் சிவகாமி எழுதின ‘ஆனந்தாயி’யும் படிம்மா. புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்து அதே வீட்டுல வைக்கறான். அந்த ரெண்டு பொம்பளைங்களுக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு பாரு, உன் ஆயா முந்தானை ஞாபகம் வரும். எங்கிட்ட ஒரு பழைய காப்பி இருக்கு, அட்டை கிழிஞ்சிருக்கும்.

புளியமரத்து வீடு (காரிமங்கலம்):

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன அம்பை கதை கிடைச்சுது, நேத்து ராத்திரி எங்க அம்மாவுக்கு வாசிச்சேன். இப்ப புளி சீசன், அம்மா திண்ணையில ஒக்காந்து புளி தட்டி கொட்டை எடுத்துட்டு இருந்தாங்க, கிலோ கணக்குல கூலி, கை நிக்காது, விரல் எல்லாம் கருத்துப் போயி நகக்கண்ணுல வெடிப்பு. நான் வாசிக்க வாசிக்க சுத்தியல் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. அந்த வாக்கியம் வந்த இடத்துல மட்டும் நின்னுச்சு.

நான் அந்தப் பொண்ணுக்காக அழுதுட்டேன். அம்மா அழல. ‘தங்கச்சி மகளைக் கறுப்புன்னுட்டு போனானே, அந்த வூட்டுல இவ ஒண்ணும் பேசிருக்க முடியாது. போன எடத்துல வாங்கினதை எங்க எறக்கி வைப்பா, பெத்த பொண்ணு மேல தான்’னு சொல்லிட்டு மறுபடி தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, அந்தப் பொண்ணு அப்புறம் அம்மா கிட்ட பேசுச்சான்னு கேட்டாங்க. கதையில அது இல்லம்மான்னு சொன்னேன்.

பாலக்கோடு அக்கா, ஞாயித்துக்கிழமை நான் அந்தப் பக்கம் தான் வர்றேன், ஆனந்தாயியை பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கறேன். அட்டை கிழிஞ்சிருந்தா பரவாயில்ல, அம்மா கேக்கத் தான் போறாங்க.