நான் அனுப்பிய முகம் வேறு, அவர் பார்த்த முகம் வேறு

ஏறக்குறைய பத்தாண்டுகளுக்கு முன்பு, உடன் பணிபுரிந்த தோழி ஒருவர் தமக்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தியை அனுப்பியபோது, நான் வாழ்த்து எதுவும் எழுதாமல், கண்கள் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றை மட்டும் அனுப்பினேன். அடுத்த இரண்டு நாட்கள் அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் கேட்டதற்கு, "பிடிக்கவில்லை என்றால் நேரிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். இருவருடைய கைப்பேசிகளையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது: என் திரையில் வாயெல்லாம் பல்லாகச் சிரித்த அதே முகம், அவருடைய திரையில் பல்லைக் கடித்துக்கொண்டு எரிச்சலை அடக்கிக்கொண்டிருந்தது.

எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டுத் தரமான யூனிகோட், ஒவ்வோர் எமோஜிக்கும் ஓர் எண்ணையும் பெயரையும் மட்டுமே வரையறுக்கிறது என்பதையும், படத்தை வரைவது அந்தந்த நிறுவனத்தின் கைவண்ணம் என்பதையும் அதன் பிறகே தெரிந்துகொண்டேன். எழுத்துகளுக்கும் இதே ஏற்பாடுதான். ஆனால் எழுத்துரு மாறினால் 'அ' என்பது 'ஆ' ஆகிவிடுவதில்லை. 2016இல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முகத்தையும் எடுத்து ஆராய்ந்தபோது, ஒரே படத்தைப் பார்த்தவர்களிடையேகூட அது நல்ல உணர்வா, கெட்ட உணர்வா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. இப்போது படங்கள் பெரும்பாலும் ஒத்துவிட்டன. எனினும் தோழிக்கு நான் இன்றும் சொற்களில்தான் வாழ்த்து அனுப்புகிறேன்.

மறுமொழி:

என்னை மாட்டிவிட்டது கட்டைவிரல். அறிக்கை ஒன்றின் வரைவை மேலாளருக்கு அனுப்பினேன். உயர்த்திய கட்டைவிரல் வந்தது. ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று நம்பி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் அவர், "வந்து சேர்ந்தது என்றுதானே போட்டேன், படித்துவிட்டேன் என்றா சொன்னேன்?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண நீதிமன்றம் 2023இல் இதே கேள்வியை விசாரித்தது. ஆளிவிதை ஒப்பந்தத்தின் படத்துக்குக் கட்டைவிரலைப் பதிலாக அனுப்பிய விவசாயி, கிடைத்ததைத்தான் தெரிவித்தேன் என்று வாதிட்டும், முந்தைய ஒப்பந்தங்களுக்கு அவர் 'ஓகே' போன்ற ஓரிரு சொற்களால் பதில் அனுப்பிச் சரக்கையும் கொடுத்திருந்ததால், அது கையொப்பமாகவே கொள்ளப்பட்டு, இம்முறை சரக்கைத் தராததற்காக 82,000 கனடிய டாலருக்கும் மேல் இழப்பீடு தரும்படி ஆயிற்று. என் மேலாளர் அந்தத் தீர்ப்பைப் படித்திருக்க மாட்டார்; நானும் அனுப்பிவைக்கவில்லை.

மறுமொழி:

என்னுடையது சிறிய அனுபவம். அண்ணன் மகளுக்கு ஒரு நகைச்சுவைத் துணுக்கை அனுப்பினேன். பதிலாக மண்டையோடு வந்தது, தொடர்ந்து கதறி அழும் முகங்கள் மூன்று. பதறிப்போய் அழைத்தால், மறுமுனையில் பேச முடியாத அளவுக்குச் சிரிப்பு. "சித்தப்பா, சிரிச்சே செத்துட்டேன்னு அர்த்தம்" என்றாள். அப்படியானால் உண்மையாகவே அழுகை வந்தால் எதை அனுப்புவாய் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அப்போ உங்களுக்கு போன் பண்ணுவேன்" என்றாள்.